நினைக்காதே என்றால் நினைப்பு கூடும்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை மூட்டை கட்டிக் கிடங்கில் போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். போன வருடம் என் மாமாவும் அப்படித்தான் இருந்தார். சாப்பிடும்போதும் இடது கையில் கைபேசி. களி ஆறிப்போயிருக்கும், கண் திரையிலேயே நிற்கும்.

இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாத காரியத்தைத்தான் மனம் விடாமல் பற்றிக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் புறாக்கள், எத்தனை கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் சளைக்காமல் கொத்தின.

‘அதை மறந்துவிடுங்கள்’ என்று அதட்டியும் பயனில்லை. வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். 1987இல் வெளியான ஆய்வு அது. கரடி திரும்பத் திரும்ப வந்தது. தடையை நீக்கிய பிறகு இன்னும் அதிகமாக வந்தது.

ஆகவே நினைப்பைத் தடுக்காதீர்கள், அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே இடம், ஒரே அரை மணி நேரம். மாமாவுக்கு மாலை 5 மணி, வாசல் திண்ணை. இடையில் நினைப்பு வந்தால் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதல் வாரம் இரு பக்கமும் எழுதி இடம் போதவில்லை. மூன்றாம் வாரம் இரண்டே வரி. படுக்கப் போகும் நேரத்தை மட்டும் இதற்கு வைக்காதீர்கள், தூக்கம் கெடும்.

கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மணிக்கணக்கில் நீண்டால் அது வேறு. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸுக்கு 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.