1919 செனட் விவாதத்தை வாசிக்கும் முறை

முதல் உலகப் போருக்குப் பின் பன்னாட்டுச் சங்கத்தில் (League of Nations) அமெரிக்கா சேர்வது குறித்து அந்நாட்டு மேலவையான செனட்டில் நடந்த விவாதத்தைப் படிக்க விரும்புபவர், உரைகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வாக்கெடுப்புகளை எடுத்துக்கொள்வது நல்லது. சங்கத்தின் உடன்படிக்கை, ஜெர்மனியுடனான அமைதி ஒப்பந்தமான வெர்சாய் ஒப்பந்தத்தின் முதல் பகுதியாகவே அமைந்திருந்ததையும், ஒப்புதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சபையின் முன் எந்த வாசகம் வைக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1919 நவம்பர் 19 அன்று, அயலுறவுக் குழுத் தலைவர் ஹென்றி கேபட் லாட்ஜின் 14 நிபந்தனைகளோடு வந்த ஒப்பந்தம் 39க்கு 55 என்று தோற்றது. நிபந்தனையற்ற ஒப்பந்தமும் அதே நாளில் 38க்கு 53 என்று வீழ்ந்தது. முதல் வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களை எல்லாம் சங்கத்தின் பகைவர்கள் என்று எண்ணினால் கணக்கு தவறிவிடும். சங்கமே வேண்டாம் என்ற செனட்டர் வில்லியம் போராவும், நிபந்தனைகள் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கும் என்ற குடியரசுத் தலைவர் வில்சனின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஜனநாயகக் கட்சியினரும் அன்று ஒரே பக்கத்தில் வாக்களித்தனர். 1920 மார்ச் 19 அன்று 21 ஜனநாயகக் கட்சியினர் வில்சனை மீறி நிபந்தனைகளுடன் ஏற்க முன்வந்தும், 49க்கு 35 என்ற முடிவில் ஏழு வாக்குகள் குறைந்தன. என் பார்வையில், தோல்வியின் பொறுப்பில் வில்சனின் பங்கு லாட்ஜின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

அடுத்து, உடன்படிக்கையின் 10ஆம் பிரிவையும் லாட்ஜின் இரண்டாம் நிபந்தனையையும் அருகருகே வைத்து நிதானமாகப் படிக்க வேண்டும். உறுப்பு நாடுகளின் எல்லைகளையும் அரசியல் சுதந்திரத்தையும் வெளித் தாக்குதலிலிருந்து காப்பதாக அனைவரும் உறுதியளிக்கும்படி அப்பிரிவு கோரியது. போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கே உரியது என்பதால், அது ஒவ்வொரு முறையும் தனியே இசைந்தாலன்றி அந்தக் கடமை அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது என்றது நிபந்தனை. விவாதத்தின் உயிர்நிலை இதுவே. மற்ற நிபந்தனைகளை விரைவாகக் கடந்து செல்லலாம். மார்ச் மாதம் சேர்க்கப்பட்ட, அயர்லாந்தின் சுயநிர்ணயம் பற்றிய பதினைந்தாவது நிபந்தனை மட்டும், ஐரிஷ் வம்சாவளியினரான உள்நாட்டு வாக்காளர்களின் குரல் அவைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதற்காகப் படிக்கத்தக்கது.

இறுதியாக, 1945 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் சாசனம் 89க்கு 2 என்று நிறைவேறியதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குச் செனட்டர் எவரையும் வில்சன் அழைத்துச் செல்லவில்லை. சாசனத்தை வகுத்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலோ கானலி, வாண்டன்பர்க் ஆகிய இரு கட்சிச் செனட்டர்களும் பேராளர்களாக அமர்ந்திருந்தனர். ஆனால் அந்தப் பெரும்பான்மையோடு வாசிப்பை நிறுத்திவிடாமல், பாதுகாப்பு அவைக்குப் படை வழங்கும் உடன்பாடுகளுக்குக் காங்கிரசின் ஒப்புதல் வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட ஐ.நா. பங்கேற்புச் சட்டத்தையும் லாட்ஜின் இரண்டாம் நிபந்தனையோடு சேர்த்துப் படியுங்கள்.