பழைய ஃபிளாட்ஹெட் இன்ஜின்: முதலில் பிளாக்கைப் பாருங்கள்

பழைய ஃபிளாட்ஹெட் இன்ஜின் கைக்கு வந்ததுமே பிஸ்டன், ரிங், பேரிங் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் வார்ப்பு உடல், தேறுமா என்று தெரியும்வரை வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இந்த வகை இன்ஜினில் வால்வுகள் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இல்லை. பிளாக்கிலேயே, சிலிண்டரை ஒட்டி இருக்கின்றன. 1932-இல் அறிமுகமான ஃபோர்டு வி8-இல் எரிந்த புகை வெளியேறும் வழியும் பிளாக்கைக் குடைந்துகொண்டுதான் போகிறது. அந்தச் சூடு முழுக்கக் கூலிங் தண்ணீரின் தலையில் விடியும். அதனால் வால்வு மூடி உட்காரும் இடமான வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கமாக விரிசல் விடுவது இதில் சகஜம். வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காந்தமேற்றி, இரும்புத்தூளைத் தூவினால் விரிசல் ஓடும் வழியில் தூள் மெல்லிய கோடாகக் கூடி நிற்கும். அப்புறம் தண்ணீர்ப் பாதைக்குப் பிரஷர் டெஸ்ட்: அழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது. விரிசல் கண்டதும் பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். ஹெட்டைப் பிடித்திருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டின் துளையை ஒட்டிய சின்ன விரிசலை, வரிசையாக உலோகப் பின்கள் (pins) இறக்கியே சரிசெய்யலாம். சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் உள்குழாய்) போட வேண்டிவரும்.

இன்ஜின் கொதித்தால் ரேடியேட்டரைக் குறை சொல்வதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அடுத்த தவறு. தண்ணீர்ப் பாதைக்குள் கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். வார்ப்பு மணலும் துருவும் இறுகிக் கட்டி கட்டியாக வரும். அது போகாமல் எந்த ரேடியேட்டராலும் பயனில்லை.

ஜாம் ஆன இன்ஜினை நீளக் கம்பி போட்டுத் திருகாதீர்கள். பிஸ்டன் மட்டுமல்ல, மூடியபடியே துருப்பிடித்து நின்ற ஒரு வால்வும், வால்வுகளைத் தூக்கிவிடும் கேம்ஷாஃப்டைச் சுற்ற விடாது. பலம் கொடுத்தால் கேம்ஷாஃப்டைச் சுற்றும் கியரின் பல்தான் போகும். ஹெட்டைக் கழற்றி, எது பிடித்திருக்கிறது என்று பார்த்து, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிப் பொறுத்திருங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்டட் மரையில் சீலன்ட் (கசிவடைக்கும் பசை) தடவ மறக்காதீர்கள். ஃபோர்டு வி8-இல் அந்தத் துளைகள் தண்ணீருக்குள் திறப்பவை.

கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவுவதும் வேண்டாம். வால்வுக்கு மேலே இடம் குறைந்தால் காற்று சிலிண்டருக்குத் தாராளமாகப் போகாது. மிஞ்சிப் போனால் வால்வே ஹெட்டில் இடிக்கும். வால்வுத் தலையில் கொஞ்சம் களிமண் வைத்து, கேஸ்கட்டோடு ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தால் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று தெரிந்துவிடும்.