அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கும் முறை

ஒரு டம்ளர் சர்க்கரையை வாங்கித் திருப்பித் தருவதற்கு வழிகாட்டுதல் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் வேலூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, பேச்சு நின்றுபோன வீடுகள் பலவற்றில் மனக்கசப்பு அந்த டம்ளரில்தான் தொடங்கியது என்பது தெரியும். இதற்குப் பழந்தமிழில் ‘குறியெதிர்ப்பை’ என்று ஒரு சொல்லே உண்டு. அளவு குறித்து வாங்கி, வாங்கியபடியே எதிர்கொடுப்பது என்று திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதற்குப் பொருள் உரைக்கிறார். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்று 221ஆம் குறள் இதனை ஒருபடி கீழே வைப்பதில் எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். தெரு வாழ்க்கை ஈகையைவிட இதனால்தானே அதிகம் நடக்கிறது!

வாங்கப் போகும்போது பாத்திரத்தை நம் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும், அதே பாத்திரத்தில்தான் திருப்பித் தரவும் வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கென்றே விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அம்மா வாங்கும்போது தலைவழித்து வாங்குவார். திருப்பும்போது கோபுரமாகக் குவித்து, சிந்தாமலிருக்க உள்ளங்கையை மேலே கவித்தபடி நடப்பார். அந்தக் குவியலுக்கு மேல் தரக்கூடாது. தந்தால் கணக்கைத் தீர்த்து முகத்தில் எறிந்ததுபோல் ஆகிவிடும்.

விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி கேட்பதைத் தவிர்க்க வேண்டும். நமக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், வைத்துக்கொண்டே ‘இல்லை’ என்று சொல்லும் சங்கடத்தை அவர்களுக்கு உண்டாக்கலாகாது. பணக் கைமாற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

பண்டிகைப் பண்டத்துக்கு இந்த அளவுக் கணக்கு பொருந்தாது. ரமலான் மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வந்தால், மறுநாளே பதிலுக்கு ஒன்றைச் சமைத்து அனுப்ப அவசரப்பட வேண்டியதில்லை; தூக்கைக் கழுவி, வெறுமையாகத் தர மனம் வராவிட்டால் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டு, நம் வீட்டுப் பொங்கல் வரை காத்திருக்கலாம்.

கடினமானது, திருப்பித் தர இயலாத வீட்டாரிடம் நடந்துகொள்ளும் விதம். புறநானூற்று 163ஆம் பாடலில், வள்ளல் குமணன் தந்த செல்வத்தோடு வீடு திரும்பும் புலவர் பெருஞ்சித்திரனார், அதை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் அடுக்கும்போது, சுற்றத்தின் கடும்பசி தீர ‘நெடுங்குறியெதிர்ப்பை நல்கியோர்க்கும்’, அதாவது கைமாற்றுக் கொடுத்து உதவியவர்களுக்கும், என்று சேர்க்கிறார். இன்னார் என்று பாராமல், என்னையும் கேளாமல் கொடு என்கிறார். அந்த அண்டை வீட்டார் நெடுநாள் கேளாமல் பொறுத்திருந்தார்கள் என்றே நான் படிக்கிறேன்.

கேளாமலிருப்பது மட்டும் போதாது. கடன்பட்டவர் நம் வாசலைத் தவிர்க்கத் தொடங்கியிருப்பார். அப்போது நாமே அவர் வீட்டுக்குப் போய் ஏதேனும் சிறியதொன்றைக் கேட்க வேண்டும். மூன்று டம்ளர் அரிசி நிலுவையில் இருந்த வீட்டுக்கு, எங்கள் கூடையில் கறிவேப்பிலை இருக்கும்போதே, “அத்தையிடம் ரெண்டு கொத்து வாங்கி வா” என்று அம்மா என்னை அனுப்பினார். அத்தை தம் வீட்டுக் கன்றிலிருந்து பாதியை ஒடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் சர்க்கரைக்கு எங்கள் வாசலுக்கு வந்தார்.