வில்லுக்கேற்ற மரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வட அமெரிக்க வன்மரங்கள்

ஒரே கட்டையிலிருந்து செதுக்கிய வில்லை வளைக்கும்போது, இலக்கை நோக்கியிருக்கும் முதுகுப்புறம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கியிருக்கும் வயிற்றுப்புறம் அமுங்குகிறது. இழுவிசையைத் தாங்காத மரம் முதுகில் சிம்பு கிளம்பி முறியும். அமுக்கத்தைத் தாங்காத மரமோ முறியாவிட்டாலும் வயிற்றில் குறுக்குக் கீறல்கள் விழுந்து, நாணைக் கழற்றிய பின்னும் வளைந்தபடியே நின்றுவிடும். வட அமெரிக்காவின் வன்மரங்களில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அங்குள்ள வில் கைவினைஞர்கள் முதலில் சொல்லும் பெயர் ஓசேஜ் ஆரஞ்சு. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்களை ஒட்டிய செவ்வாற்றுப் பகுதியே இதன் தாயகம். முள்கம்பி பரவுவதற்கு முன் பண்ணைகளுக்கு உயிர்வேலியாக நடப்பட்டதால், இன்று மத்திய மேற்கு மாநிலங்களிலும் பழைய வேலி வரிசைகளில் கிடைக்கிறது. மஞ்சள் நிறமான இதன் வைரக்கட்டை, அதாவது தண்டின் உட்பகுதி, அடர்த்தி மிக்கது. இழுவிசை, அமுக்கம் இரண்டையும் தாங்கும். ஈரக்காற்றுக்கும் எளிதில் தளராது. ஆகவே வில்லின் கைகளை, அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளை, 1.5 அங்குல அகலத்துக்குள் அடக்கிவிடலாம்.

ஆனால் இந்த மரம் உழைப்பைக் கேட்கும். பட்டையையும் அதன் கீழுள்ள வெளிறிய சாற்றுக்கட்டையையும் நீக்கி, வைரக்கட்டையின் ஒரே ஓர் ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனி வரை அறுபடாமல் முதுகாக வெளிக்கொணர வேண்டும். இருபுறமும் பிடியுள்ள இழுப்புக்கத்தியால் சீவும்போது, ஒவ்வொரு வளையத்திலும் வளர்பருவத் தொடக்கத்தில் உருவான, துளைகள் நிறைந்த முன்பருவக் கட்டை நொறுநொறுவென்று உதிர்வது கையிலும் காதிலும் தெரியும். அது நீங்கியதும் பருவத்தின் பிற்பகுதியில் உருவான, வழவழப்பான பின்பருவக் கட்டை தென்படும். அந்தப் பரப்பில் கத்தி ஒரு முறை ஆழமாக இறங்கினாலும், வளையம் அறுபட்ட அந்த இடத்திலேயே வில் பின்னாளில் பிளக்கக்கூடும். எனவே கட்டையின் முனையை நன்றாகப் பார்த்து, பின்பருவப் பகுதி தடிப்பாகவும் முன்பருவப் பகுதி மெல்லிய கோடாகவும் உள்ளதையே எடுக்க வேண்டும். காகிதம் போன்ற மெல்லிய வளையங்களைத் தொடர்வது தேர்ந்த கைக்கும் கடினம்.

இந்தக் காரணத்தால், முதல் வில் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஹிக்கரியைத்தான். இழுவிசையைத் தாங்குவதில் அதற்கு இணையான மரங்கள் மிகக் குறைவு. மரம் வளரும் பருவத்தில் வெட்டினால் பட்டை தானாகவே உரிந்துவரும். அதன் கீழுள்ள பரப்பே குறையற்ற முதுகாகிவிடுவதால் வளையத்தைத் தேடிச் சீவ வேண்டியதில்லை. இதன் குறை ஈரத்தை உறிஞ்சுவது. வறண்ட தென்மேற்கு மாநிலங்களில் மிகச் சிறப்பாக வேலை செய்யும் ஹிக்கரி வில், புழுக்கம் மிகுந்த மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் சோர்ந்துபோகும். கைகளை 1.75 முதல் 2 அங்குலம் வரை அகலமாகவும், வயிற்றைத் தட்டையாகவும் வைப்பது நல்லது.

அப்பலாச்சிய மலைப்பகுதியின் பிளாக் லோகஸ்ட், செரோக்கி பழங்குடி மக்கள் வில்லுக்குப் பயன்படுத்திய மரம். அது வலிமையானதே எனினும் வயிற்றில் குறுக்குக் கீறல் விழும் இயல்புடையது என்பதால் தட்டையான வயிறு அதற்கும் தேவை. எல்ம் மரத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் முதுகு எளிதில் பிளக்காது, ஆனால் ஆப்பு வைத்துப் பிளப்பது பெரும்பாடு. வெள்ளை ஆஷ் எளிதாகப் பிளக்கும். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு இந்த மரங்களைப் பெருமளவில் அழித்துவருவதால், பட்டுநிற்கும் ஆஷ் மரத்தில் அழுகலும் துளையும் இல்லை என்று உறுதி செய்த பின்பே வெட்ட வேண்டும். வெட்டியதை வேறு ஊருக்குக் கொண்டுசெல்லுமுன் உள்ளூர் விதிகளையும் கேட்டறிய வேண்டும்.

எந்த இனமானாலும், நிற்கும் மரத்தின் பட்டையை முதலில் படியுங்கள். பட்டையின் வெடிப்புக் கோடுகள் திருகிச் சென்றால் உள்ளே இழையும் பெரும்பாலும் திருகியே இருக்கும். ஒரு பக்கத்திலாவது 6 அடி நீளத்துக்குக் கணு இல்லாத, 6 முதல் 10 அங்குல விட்டமுள்ள நேரான தண்டு போதுமானது. அதை வாளால் நெடுக்காக அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தால், பிளவு இழையைப் பின்பற்றிச் சென்று அதன் உண்மையான போக்கைக் காட்டிவிடும். இழை கோணலான நல்ல சாதி மரத்தைவிட, இழை நேரான சாதாரண மரத்தையே நான் எடுப்பேன்.

வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ மரப்பசையோ கனமாகப் பூச வேண்டும்; பட்டையை உரித்திருந்தால் முதுகிலும் பூச வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்கி, வாரந்தோறும் எடைபோட்டுக் குறித்துவைக்க வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால், கட்டை அந்த அறையின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று மட்டுமே பொருள். அறையே ஈரமாக இருந்தால் கட்டையும் ஈரமாகத்தான் இருக்கும். ஆகவே ஈரமானியால் சோதித்து, ஓசேஜ் முதலியவை 8 முதல் 10 சதவீதத்துக்கும், ஹிக்கரி அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வரும்வரை உலர்ந்த அறைக்கு மாற்றி வைத்திருந்து, அதன் பின்னரே முதன்முறையாக வளைத்துப் பார்க்க வேண்டும்.