ட்வின் பீக்ஸும் ஒரு நோட்டும்: மர்மத் தொடரின் உள்முடிச்சுகளைத் தேடுவது எப்படி?

ஒரு மர்மத் தொடரைப் பார்த்து முடித்த பிறகும் "இதில் இன்னும் என்னவோ ஒளிந்திருக்கிறது" என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். நான் பல வருடமாக ட்வின் பீக்ஸ் பைத்தியம். இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. அதில் கணிசமான பக்கங்கள் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு. நீங்களாவது கொஞ்சம் காகிதத்தை மிச்சப்படுத்துங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய இந்தத் தொடர் 1990 ஏப்ரல் 8-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், பிளாஸ்டிக்கில் சுற்றிக் கரை ஒதுங்கிய லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல், விசாரிக்க வரும் எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர். முதல் இரண்டு சீசனில் 30 எபிசோடு, 1992-ல் ஒரு படம், 2017-ல் மறுபடி 18 பகுதிகள். கொன்றது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள்

நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம், நடுவில் நிறுத்தித் தேடுவது வேண்டவே வேண்டாம். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். அவ்வளவுதான்.

படி 2: பெயர்களை மட்டும் எழுதுங்கள்

இரண்டாவது தடவை நோட்டோடு உட்காருங்கள். நிறம், உடை, இசை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நிறத்தில் ஒற்றுமை கண்டுபிடிப்பது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். சிவப்புத் திரை எத்தனையோ படத்தில் தொங்குகிறது. லைடெக்கர் என்ற பெயர் எத்தனை கதையில் வரும்?

பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பெயர், வலது பக்கம் அந்தப் பெயர் இதற்கு முன் எங்கே வந்தது என்று எழுதுங்கள். என் நோட்டிலிருந்து சில வரிகளைக் காட்டுகிறேன்.

முதல் சீசனில் வால்டோ என்று ஒரு மைனா வருகிறது. போலீஸ் அந்தப் பறவையைத் தேடிப் போகும் கால்நடை மருத்துவமனையின் பெயர் லைடெக்கர். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: வால்டோ லைடெக்கர். ஆட்டோ ப்ரெமிஞ்சர் 1944-ல் இயக்கிய 'லாரா' படத்தில் வரும் பத்திரிகை எழுத்தாளரின் பெயர் அதுதான். படத்தின் தலைப்பையும் கவனியுங்கள்.

லாரா பால்மரின் சித்தி பெண்ணோ மாமா பெண்ணோ, மேடி என்று ஒருத்தி வருகிறாள். முழுப் பெயர் மேடலின் ஃபெர்குசன். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில் கதாநாயகி மேடலின், கதாநாயகன் ஃபெர்குசன்.

கேத்தரின் மார்டலைப் பார்க்க வரும் இன்ஷூரன்ஸ் ஆளின் பெயர் நெஃப். 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) படத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப், பாலிசி பணத்துக்காகக் கொலையில் இறங்குகிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒற்றைக் கை ஆசாமி. 1963-ல் தொடங்கிய 'தி ஃப்யூஜிடிவ்' தொடரிலும் ஒரு ஒற்றைக் கை ஆசாமி உண்டு. அந்தத் தொடரில் கதாநாயகனைத் துரத்தும் போலீஸ் அதிகாரியின் பெயர் ஃபிலிப் ஜெரார்ட். ட்வின் பீக்ஸில் ஒற்றைக் கை ஆசாமியின் பெயரே ஃபிலிப் ஜெரார்ட்! துரத்துகிறவன் பெயரைத் தூக்கி, தேடப்படுகிறவன் தலையில் வைத்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கூப்பரின் மேலதிகாரி கார்டன் கோல். இவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

படி 3: மூலப் படத்தை முழுசாகப் பாருங்கள்

ஐந்து நிமிடத் துண்டு வீடியோவோ கதைச் சுருக்கமோ போதாது. பெயர் ஒரு கதவுதான், உள்ளே போனால்தான் வீடு தெரியும்.

'லாரா' படத்தையே எடுத்துக்கொள்வோம். செத்துப்போனதாகச் சொல்லப்படும் பெண்ணின் ஓவியம் சுவரில் தொங்குகிறது. துப்பறிய வந்தவன் அந்த ஓவியத்திடமே மனதைப் பறிகொடுக்கிறான். பாதிப் படத்தில் அவள் உயிரோடு வீட்டுக்குள் நடந்து வருகிறாள். (80 வருடத்துக்கு மேல் ஆன படம், சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள்.)

இப்போது தொடருக்கு வாருங்கள். கிரீடம் வைத்த லாரா பால்மரின் போட்டோ திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஊரே அந்த முகத்தை நினைத்து உருகுகிறது. ஆனால் இந்த லாரா திரும்பி வருவதில்லை. அதே முகத்தோடு, கறுப்புத் தலைமுடியோடு மேடி வருகிறாள். இருவராகவும் நடித்தது ஷெரில் லீதான். ஒரே முகம், இரண்டு பெண்கள், இரண்டு தலைமுடி நிறம்: இது வெர்டிகோவின் வித்தை. அதாவது 1944 படத்தில் எடுத்த கேள்விக்கு 1958 படத்திலிருந்து பதில் எடுத்திருக்கிறார்கள். முகம் மட்டும் திரும்பி வருகிறது, ஆள் வருவதில்லை.

ஆகவே எங்கே ஒத்துப்போகிறது என்பதோடு எங்கே விலகுகிறது என்பதையும் எழுதுங்கள். விலகும் இடத்தில்தான் சரக்கு இருக்கிறது.

படி 4: நடிகர்களின் பழைய படங்கள்

இது சீக்கிரம் முடிந்துவிடும். டாக்டர் ஜாக்கபியாக வரும் ரஸ் டாம்ப்ளினும் ஹோட்டல் முதலாளி பென் ஹோர்னாக வரும் ரிச்சர்ட் பெய்மரும் 1961-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நண்பர்களாக நடித்தவர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டாதீர்கள்.

படி 5: சினிமாவுக்கு வெளியேயும் தேடுங்கள்

1908 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சாண்ட் லேக் பகுதியில், ஹேசல் ட்ரூ என்ற இளம்பெண்ணின் உடல் ஒரு குளத்தில் கிடைத்தது. கொன்றவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட அந்தக் கதை தன் மனதில் தங்கிவிட்டதாக மார்க் ஃப்ராஸ்ட்டே சொல்லியிருக்கிறார். லிஞ்ச் தன் படைப்புகளுக்கு விளக்கம் கொடுக்காத ஆளாகவே இருந்தார். ஆகவே பேட்டி தேடுவதாக இருந்தால் ஃப்ராஸ்ட் பக்கம் போங்கள்.

அப்புறம், ஓட்டம் இரண்டு பக்கமும் உண்டு. இந்தத் தொடரில் டெனிஸ் பிரைசனாக வந்த டேவிட் டுகோவ்னி 1993-ல் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' நாயகனானார். அதே வருடம் வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்ற செல்டா வீடியோ கேமில் உலவும் விசித்திர ஊர்க்காரர்களுக்கும் ட்வின் பீக்ஸ்தான் தூண்டுதல் என்று அதை இயக்கிய தகாஷி தெசுகா சொல்லியிருக்கிறார்.

படி 6: மூன்று குறிகள் போடுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி. உருவாக்கியவர்களே சொன்னதற்கும், பெயரே காட்டிக்கொடுப்பதற்கும் டிக். சந்தேகத்துக்குக் கேள்விக்குறி. (1992 படத்தில் ஜூடி என்ற பெயர் அடிபடுகிறது. வெர்டிகோவிலும் ஒரு ஜூடி உண்டு. எனக்கு டிக் போட ஆசைதான், இன்னும் கேள்விக்குறியாகவே வைத்திருக்கிறேன்.) மூன்றாவது, ஒரு வட்டம்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த சமாச்சாரங்களுக்கு.

வட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பாப் என்ற பயங்கரப் பாத்திரமே சாட்சி. அதில் நடித்த ஃப்ராங்க் சில்வா நடிகரே அல்ல, செட்டில் பொருட்களை அடுக்குகிறவர். லாராவின் அறையில் மேஜை நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து லிஞ்சுக்கு என்னவோ தோன்ற, கட்டிலின் கால்மாட்டில் பதுங்கச் சொல்லிப் படம் எடுத்தார். பிறகு வேறொரு காட்சியில் அவர் உருவம் தற்செயலாகக் கண்ணாடியில் விழுந்துவிட்டது. கேமராக்காரர் கெட்டுப்போன ஷாட் என்றார். லிஞ்ச் அதையே வைத்துக்கொண்டார்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பைலட் என்கிற முதல் எபிசோடில் பிணவறை விளக்கு மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரத்தின் வழியாகத் தீய சக்தி வருகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, படப்பிடிப்பு நடந்த இடத்தில் விளக்கு நிஜமாகவே பழுது, லிஞ்ச் அப்படியே விட்டுவிட்டார். வெட்கத்தோடு பெரிய வட்டம் போட்டேன்.

ஆனால் அந்த வட்டமும் நிலைக்கவில்லை. 1992 படத்தில் மின்கம்பமும் மின்கம்பியின் இரைச்சலும் வேண்டுமென்றே வருகின்றன. 2017 பகுதிகளில் மின்சாரம் கதையின் நடுவிலேயே ஓடுகிறது. ஆகவே வட்டம் போட்டதை அடித்துக் கிழித்துவிடாதீர்கள், பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள்.

நான் இடம் விட்டிருந்தது 2017-ன் 15-ஆம் பகுதியில் பயன்பட்டது. தான் யார் என்பதையே மறந்த கூப்பர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடுவது 1950-ல் வந்த 'சன்செட் பூலிவார்ட்'. அதில் ஒருவர் "கார்டன் கோலைக் கூப்பிடு" என்கிறார். கூப்பர் நிமிர்கிறார், தரையில் தவழ்ந்து போகிறார், கையிலிருந்த முள்கரண்டியைச் சுவரிலிருக்கும் பிளக் ஓட்டைக்குள் செருகுகிறார். கார்டன் கோல் என் முதல் நோட்டில் டிக் போட்ட பக்கத்தில் இருந்தார். மின்சாரம் இரண்டாவது நோட்டில், வட்டத்துக்குள்.