கதவைத் தாண்டும்போது பெயர் சொல்லிப் பாருங்கள்

குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளை சட்டென்று கண்ணுக்குத் தப்புவது இடம் மாறும்போதுதான். விளையாடிவிட்டு உள்ளே வரும் நேரம், தூங்கப் போகும் நேரம். அப்போது தலையை எண்ணினால் மட்டும் போதாது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி, முகம் பார்த்துச் சரிபாருங்கள். கதவைத் தாண்டும் முன் ஒருமுறை, தாண்டிய பின் ஒருமுறை.

வாளியில் தண்ணீர் நிற்கவே கூடாது. தவழும், தத்தி நடக்கும் வயதில் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. 5 செ.மீ. தண்ணீர்கூட ஆபத்துதான், மூழ்கினால் சத்தமே கேட்காது. தரையைத் துடைத்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

போன் வந்தால்? அடிக்கட்டும். இன்னொருவர் வந்து “நான் பார்த்துக்கறேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு எடுங்கள்.