மெஷ் ரேடியோ குழுவா? அந்த ரவுட்டரை முதலில் மாற்றுங்கள்

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் மின்கம்பம், ரப்பர், வாழை எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. 'நம்ம ஊருக்கும் ஒரு மெஷ் போட்டுவிடலாம்' என்று மழைக்காலத்துக்கு முன்பு கிளம்பும் இளைஞர்களுக்கு அந்த நினைவே போதும். மெஷ் என்றால் செல்கோபுரமும் இணையமும் இல்லாமல் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்குச் செய்தி தாவும் வலை. குறைந்த மின்சாரத்தில் தூரம் பேசும் சிறு ரேடியோவான லோரா போர்டு, அதை இயக்கும் திறமூல மென்பொருளான மெஷ்டாஸ்டிக், ஆளுக்கொரு நோடு (வலையில் ஒரு ரேடியோ) என்று வேலை தொடங்கிவிடும். ஆட்கள் புதியவர்கள், தவறுகள் பழையவை. ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்யக் கூடாது, ரீஜனை இந்தியா என்று வைக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

433 போர்டு

வாங்காதீர்கள். மெஷ்டாஸ்டிக்கின் இந்தியா ரீஜன் 865–867 மெகாஹெர்ட்ஸ். 868 என்று விற்பதை வாங்குங்கள், ஆன்டெனாவையும் அதற்கே வாங்குங்கள்.

எல்லோரும் ரவுட்டர்

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. புதிதாகச் சேர்ந்தவர் ஆப்பைத் திறந்து 'ரோல்' பட்டியலைப் பார்க்கிறார். கிளையன்ட், கிளையன்ட் மியூட், ரவுட்டர் என்று வரிசையாக இருக்கிறது. வீட்டில் வைஃபை ரவுட்டர் பார்த்துப் பழகிய கை நேராக அங்கே போகிறது. 'என் நோடு மற்றவர்களுக்கும் உதவட்டுமே' என்ற நல்லெண்ணம் வேறு. அந்த ஒரு தட்டலில் ஊர் முழுக்க நெட்வொர்க் கெடுகிறது. இந்தப் பெயரை வைத்தவர்கள் மீதும் பாதிப் பழி உண்டு. கிளையன்டாக இருக்கும் நோடும் பிறர் செய்தியைக் கடத்தத்தான் செய்யும் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது.

கெடுவது இப்படித்தான். ஒரு செய்தி கிளம்பியதும் அதைக் கேட்ட கிளையன்ட்கள் எல்லாம் உடனே கத்துவதில்லை. சிக்னல் பலவீனமாகக் கேட்ட நோடு, அதாவது பெரும்பாலும் தூரத்தில் இருப்பது, குறைவாகக் காத்திருந்து முதலில் கடத்தும். பக்கத்தில் இருப்பது அதைக் கேட்டுவிட்டுத் தன் முறையை விட்டுக்கொடுக்கும். செய்தி ஒவ்வொரு தாவலிலும் தூரமாகப் போவதற்கான ஏற்பாடு இது. ரவுட்டர் இந்த வரிசையில் நிற்காது. முந்திக்கொண்டு கடத்தும், பிறர் கடத்தியதைக் கேட்டாலும் விட்டுக்கொடுக்காது.

குளச்சலில் தாழ்வான ஒரு மாடியில் ரவுட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் செய்தியை அது முதலில் பிடித்துக் கடத்துகிறது. வேளிமலைப் பக்கம் உயரத்தில் கிளையன்டாக இருக்கும் நோடும் அதே செய்தியைக் கேட்டிருக்கும். ஆனால் மாடி ரவுட்டரின் குரலும் அதன் காதில் விழுவதால், 'சரி, ஒருவர் கடத்திவிட்டார்' என்று அடங்கிவிடும். ஒரு செய்தி எத்தனை முறை தாவலாம் என்ற ஹாப் வரம்பு வழக்கமாக 3. அந்த மூன்று தாவலும் நான்கு தெருவுக்குள்ளேயே தீர்ந்துபோகும், நாகர்கோவிலில் ஒன்றும் வராது.

காற்று நேரக் கணக்கு இன்னும் மோசம். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான லாங்-ஃபாஸ்ட் அமைப்பில் 200 பைட் செய்தி ஒன்று காற்றில் இருப்பது ஏறக்குறைய 2 விநாடி. 12 ரவுட்டரும் ஆளுக்கொரு தடவை கத்தினால் ஒரே செய்திக்கு 24 விநாடி. அதற்குள் அடுத்தவர் பேசினால் மோதல். உடனே யாராவது 'ஹாப்பை 7 ஆக்கலாமே' என்பார். நெரிசல்தான் கூடும்.

சரிசெய்யும் வழி:

1. எல்லா நோடையும் கிளையன்ட் ஆக்குங்கள்.
2. மாடியில் ஏற்கெனவே நோடு இருக்கும் வீட்டில், கையில் வைத்திருப்பது கிளையன்ட் மியூட், அதாவது பிறர் செய்தியைக் கடத்தாத நோடு.
3. மாவட்டத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் இரண்டு மூன்று உயரங்களுக்கு மட்டும் ரவுட்டர். அதையும் ஒருங்கிணைப்பாளர் தீர்மானிக்க வேண்டும், நோடு வாங்கிக் கொடுத்தவர் அல்ல.
4. உயரத்தில் ஏற்றும் முன்பே அதில் தூரத்திலிருந்தே அமைப்பை மாற்ற உதவும் நிர்வாகிகளின் அட்மின் சாவியைப் பதியுங்கள். மறந்தால் ரோல் மாற்றக்கூட ஏணி வேண்டும்.
5. ட்ரேஸ் ரூட் போட்டு, செய்தி எந்த நோடுகள் வழியாகப் போகிறது என்று பாருங்கள். சேனல் பயன்பாடு, அதாவது காற்று பேச்சால் நிறைந்திருக்கும் நேரம், 25 சதவீதத்தைத் தாண்டினால், இருப்பிடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் உற்சாகி யார் என்று தேடுங்கள்.

இணையத்தோடு சோதனை

நோடை இணையத்தோடு இணைக்கும் எம்.க்யூ.டி.டி. ஆனில் இருந்தால் செய்தி இணையம் வழியாகவும் போகும். தேங்காப்பட்டணத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செய்தி பறந்ததைப் பார்த்துக் கைதட்டுவார்கள், ரேடியோ ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்காது. ஒத்திகை நாளில் அதை அணையுங்கள், மோடத்தைப் பிடுங்குங்கள், மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். பேட்டரியின் உண்மை நிலையும் அப்போதுதான் தெரியும். இ.எஸ்.பி.32 சிப் உள்ள போர்டு 100 மில்லியாம்ப் அளவில் இழுக்கும். 3000 மில்லியாம்ப்-அவர் செல் ஒன்று அதற்கு ஒரு நாளும் கொஞ்சமும்தான் வரும். சோலாரில் நிற்க வேண்டிய நோடுக்கு மிகக் குறைவாக இழுக்கும் என்.ஆர்.எஃப்.52 சிப் வகை போர்டே சரி.

தென்னையும் கேபிளும்

'நேர்பார்வை இருக்கிறது' என்பார்கள். 10 கிலோமீட்டர் இணைப்பில் நடுவழியில் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 29 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவுகிறது. அதில் 60 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். நம் தென்னந்தோப்புகள் அதற்குள் தலையை நீட்டும், மழையில் நனைந்த ஓலை இன்னும் விழுங்கும். அதனால் கடற்கரை ஊர்களில் கோயில் கோபுரமும் மாதா கோவில் மணிக்கூண்டும்தான் நல்ல இடம். ஆனால் ஆன்டெனாவை மேலே வைத்து, போர்டைக் கீழே வைத்து, நடுவே 10 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள் ஓட்டினால் 5 டெசிபெல் போய்விடும்; மேலே சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. போர்டையும் பெட்டியோடு மேலே ஏற்றுங்கள். உப்புக்காற்றுக்கு ஆன்டெனா இணைப்பில் தானாக ஒட்டும் ரப்பர் டேப், கேபிள் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம்.

தமிழில் நீளமாக எழுதுவது

'கொட்டில்பாட்டில் வெள்ளம், 12 பேர் மாடியில் இருக்கிறார்கள், படகு வேண்டும்.' கடைசிப் புள்ளி இல்லாமலே இது 194 பைட், அதாவது காற்றில் ஏறக்குறைய 2 விநாடி. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் பெரும்பாலும் 6. நோடின் சுருக்கப் பெயருக்கு 4 பைட்தான் என்பதால் 'கு' என்றுகூட வைக்க முடியாது. ஊருக்கு எண் கொடுங்கள், அந்தப் பட்டியலை அச்சடித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுங்கள். '11 வெள்ளம் 12 படகு' என்றால் 40 பைட்.

வள்ளத்துக்கு வாக்குக் கொடுப்பது

கூடாது. ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் பகுதிப் படகுகளுக்குக் கரையின் மெஷ் எட்டாது.

காட்டுக்குள் கம்பம்

வனத்துறை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

எல்லாம் ஒருவரிடம்

குழுவின் சேனலில் சேர்வதற்கான க்யூ.ஆர். ஒருவர் போனில், அட்மின் சாவி அவர் லேப்டாப்பில், அவர் வளைகுடாவில். இது நம் மாவட்டத்தில் அதிசயமே அல்ல. நோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொறுப்பாளர், சாவிக்கு மூன்று பேர். செய்தியைக் கேட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பது தனிப் பட்டியல். 1077-க்கும் போன் வேலை செய்யாவிட்டால் பைக்கில் ஆட்சியர் அலுவலகம் போகிறவர் யார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மணிக்கூண்டில் நோடு வைத்தால், இரவு இரண்டு மணிக்கு அந்தப் படிக்கட்டின் பூட்டைத் திறப்பவர் யார் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.